ஆயாக் கொட்டகையும் அன்னையர் உழைப்பும்

ஜொகூர் மாநிலத்தின் வடக்கே, பகாங், நெகிரி செம்பிலான் ஆகிய மாநிலங்களின் எல்லையை ஒட்டி அமைந்திருப்பது சிகாமட் வட்டாரம். பத்து அன்னம், புலோ காசாப், ஜெமெந்தா, லாபிஸ், சாஆ, பெக்கோக் என்று ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனால், பழைய தோட்டக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களுக்கு நெஞ்சில் பல நினைவுகள் எழும். பால்மரக் காடு, லயத்து வீடு, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி ஆகியவை அந்த நினைவுகளில் முதலில் வருபவை. இவற்றோடு சேர்ந்து வரும் இன்னொன்றும் உண்டு. அதுதான் ஆயாக் கொட்டகை.

கோயிலைப் பற்றியும் பள்ளியைப் பற்றியும் நாம் பலமுறை பேசியிருக்கிறோம். ஆயாக் கொட்டகையைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. மழை ஒழுகும் ஒரு சிறு கொட்டகை, அதில் ஒரு கிழவி, சுற்றிலும் அழும் குழந்தைகள். இதில் வரலாறு என்ன இருக்கிறது என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் வேலைக்குச் செல்லும் தாயின் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, அதற்கு யார் பொறுப்பு, யார் செலவு என்ற கேள்வி இன்று உலகின் பல நாடுகளில் அரசாங்கக் கொள்கையாக விவாதிக்கப்படுகிறது. அந்தக் கேள்விக்கு, நல்லதோ கெட்டதோ, ஒரு விடையை நம் தோட்டங்கள் நூறாண்டுக்கு முன்பே கண்டிருந்தன. அந்த விடை எப்படிப் பிறந்தது, யாருக்குப் பயன்பட்டது, பின்னர் ஏன் மறைந்தது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில், தாய்மார்கள் ஏன் அவ்வளவு அதிகாலையில் வேலைக்குப் போக வேண்டியிருந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நேரத்தைக் குறித்தது துரையும் அல்ல, கிராணியும் அல்ல, மரமே குறித்தது. இரவிலும் விடியற்காலையிலும் இலைகளின் வழியாக நீர் ஆவியாவது மிகக் குறைவு. அதனால் மரப்பட்டைக்குள் இருக்கும் பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். அவ்வேளையில் பட்டையைச் சீவினால் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்து பாலும் குறைந்துவிடும். ஆகவே காலை ஐந்து, ஐந்தரை மணிக்கெல்லாம் பிரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுப்பார்கள். வெளிச்சம் வந்தவுடன் நிரையில் இறங்கிவிட வேண்டும். ஒருவர் ஒரு நாளில் நானூறு, ஐந்நூறு மரங்கள் சீவ வேண்டியிருந்தது. சீவி முடித்துச் சற்று ஓய்ந்த பின், மங்குகளில் நிறைந்த பாலை வாளிகளில் சேர்த்து, காண்டாவில் சுமந்து நிறுவைக்குக் கொண்டு வருவதற்குள் நண்பகல் ஆகிவிடும்.

அப்படியானால் கைக்குழந்தையை வைத்திருக்கும் தாய் விடியுமுன்னரே எழுந்து, சமைத்து, தூங்கும் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, இருட்டில் எங்கேயாவது அதை ஒப்படைத்துவிட்டு ஓட வேண்டும். அவள் ஒப்படைத்த இடந்தான் ஆயாக் கொட்டகை.

தாய் வேலைக்குப் போகாமல் இருந்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். இங்கேதான் கூலிக் கணக்கு குறுக்கே வருகிறது. 1920-களின் பிற்பகுதியில், கூட்டு மலாய் மாநிலங்களின் முக்கியப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அதுவும் வெட்டப்பட்டது. ஆணின் கூலி ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும் அளவில் வைக்கப்படவில்லை. மனைவியும் உழைப்பாள் என்ற எண்ணத்திலேயே அது வைக்கப்பட்டிருந்தது. ஆயாக் கொட்டகை இல்லாவிட்டால் பெண்ணின் 40 காசு இல்லை. அந்த 40 காசு இல்லாவிட்டால் ஆணின் 50 காசில் அடுப்பு எரியாது. ஆகவே தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தைத் தனியாக நிற்கும் ஒரு தருமச் செயலாகக் கருதக் கூடாது. குறைந்த கூலி முறையைத் தாங்கி நின்ற தூண்களில் அதுவும் ஒன்று என்றே நாம் கொள்ள வேண்டும்.

இனி, தோட்டங்களில் குடும்பங்கள் உருவான கதைக்கு வருவோம். கெமாசிலிருந்து சிகாமட், லாபிஸ் வழியாக ஜொகூர் பாரு வரை செல்லும் இரயில் பாதை 1909-ஆம் ஆண்டில் முழுமையடைந்தது. பாதையின் இருமருங்கிலும் காடு அழிக்கப்பட்டு ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தவர்கள் கங்காணிகள். 1907-இல் அமைக்கப்பட்ட இந்தியக் குடிநுழைவு நிதி, வருவோரின் பயணச் செலவை ஏற்றது. தொடக்கத்தில் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். 1921-ஆம் ஆண்டிலேகூட மலாயாவில் ஆயிரம் இந்திய ஆண்களுக்கு ஏறத்தாழ நானூறு பெண்கள்தாம் இருந்தனர்.

அக்காலத்துத் தோட்டங்களில் மலேரியாவும் வயிற்றுக் கடுப்பும் உயிர்களை வாரிக்கொண்டு போயின. குழந்தைகளின் இறப்பு இன்னும் கூடுதல். இந்தியாவில் தேசிய இயக்கம் வளர வளர, கடல் கடந்து சென்ற தொழிலாளரின் நிலை அங்கே கேள்விக்கு உள்ளாயிற்று. 1922-இல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் நிறைவேறியது. தனி ஆட்களை மட்டும் அனுப்பாமல் குடும்பமாக அனுப்ப வேண்டும், தொழிலாளர் நலனுக்குத் திட்டமான ஏற்பாடுகள் வேண்டும் என்று இந்திய அரசு வற்புறுத்தியது. அதன் பிரதிநிதி ஒருவர் மலாயாவில் நியமிக்கப்பட்டார். இந்தச் சூழ்நிலையில்தான் கூட்டு மலாய் மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. பேறுகால உதவித்தொகை, தோட்டப் பள்ளி, சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இடமும் ஆளும் ஆகியவை தோட்ட முதலாளியின் கடமைகளாயின. ஜொகூர் அந்தக் கூட்டில் சேராத அரசு. ஆயினும் 1914 முதல் ஆங்கிலேயப் பொது ஆலோசகரை ஏற்றிருந்ததால் தொழிலாளர் நிர்வாகத்தில் ஏறக்குறைய அதே வழியில் சென்றது.

இந்தச் சட்டத்தால் முதலாளிக்கு என்ன ஆதாயம் என்று நாம் கேட்க வேண்டும். ஆதாயம் இருக்கத்தான் செய்தது. மனைவி மக்களோடு வந்தவன் எளிதில் வேறு தோட்டத்துக்கு ஓடிவிட மாட்டான். ஒரே லயத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் உழைப்புக் கிடைக்கும். அங்கேயே பிறக்கும் பிள்ளைகள் நாளைய தொழிலாளர்கள். 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசு உதவியோடு ஆள் அனுப்பும் முறையைத் தடை செய்தபோது, இந்தக் கணக்கு இன்னும் முக்கியமாயிற்று. கப்பலில் புது ஆள் வருவது நின்றுவிட்டது. இருக்கிற குடும்பங்களைக் காப்பாற்றினால்தான் தோட்டத்துக்கு ஆள் உண்டு என்ற நிலை வந்தது.

இப்படிப் பிறந்த ஆயாக் கொட்டகை எப்படி இருந்தது? பெரும்பாலும் லயங்களுக்கும் பிரட்டுக் களத்துக்கும் அருகில், தகரமோ அத்தாப்போ வேய்ந்த ஒரு நீண்ட கொட்டகை. விட்டத்திலிருந்து வரிசையாகத் துணித் தொட்டில்கள் தொங்கும். தவழும் குழந்தைகளும் தத்தித் தத்தி நடக்கும் குழந்தைகளும் தரையிலே கிடக்கும். வேலிக்குள் கொஞ்சம் மண்தரை. நல்ல நிர்வாகம் உள்ள தோட்டங்களில் பால் உண்டு. மருந்துக்கார ஐயா வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்றத் தோட்டங்களில் தாய் கொடுத்துவிட்டுப் போன கஞ்சியும் பலகாரமுந்தான்.

ஆயா என்பவர் யார்? பெரும்பாலும் மரம் சீவ முடியாத அளவுக்கு வயதாகிவிட்ட ஒரு பெண்மணி. குழந்தை வளர்ப்பில் அவருக்கு எந்தப் பயிற்சியும் கொடுக்கப்பட்டதில்லை. அவருடைய பயிற்சியெல்லாம் அவர் பெற்று வளர்த்த பிள்ளைகள்தாம். வேலையோ காலை ஐந்து மணிக்கு முன் தொடங்கும். ஒரே நேரத்தில் பத்துக் குழந்தைகள், இருபது குழந்தைகள். சம்பளமோ தோட்டத்தில் மிகக் குறைந்த படிகளில் ஒன்று. அந்த அம்மையார்களை நாம் குறை கூறுவதற்கில்லை. தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். பல குடும்பங்களில் இன்றும் அவர்களை 'ஆயாப் பாட்டி' என்று அன்போடு நினைவுகூர்வோர் உண்டு. ஆனால் ஒரு கிழவியின் அன்பையே முழு ஏற்பாடாக வைத்துக்கொண்டது நிர்வாகத்தின் குறையே.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு பெரிய ஓட்டையும் இருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கொட்டகையில் விட முடியாது. கொட்டகையில் சேர்க்கும் வயதைத் தாண்டிப் பள்ளிக்குப் போகும் வயதை எட்டாத பிள்ளைகளுக்கு இடமே இல்லை. தாய் மாலையில் மீண்டும் புல் வெட்டவோ வேறு வெளிக்காட்டு வேலைக்கோ போனால் கொட்டகை மூடியிருக்கும். அப்போதெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது யார்? வீட்டின் மூத்த மகள். பள்ளியில் இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்த அந்தச் சிறுமி, தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டிலேயே நின்றுவிட்டாள். 'அம்மா வேலைக்குப் போகவேண்டும் என்பதற்காக நான் பள்ளிக்குப் போகவில்லை' என்று சொல்லும் மூதாட்டிகளை நம் வட்டாரத்தில் காண்பது அரிதன்று. குழந்தைக் காப்பகம் சரியாக இயங்காத இடத்தில் தாயின் வேலை நின்றுவிடவில்லை. மகளின் படிப்பு நின்றது. தாய் ஈட்டிய கூலிக்கு மகளின் எழுத்தறிவு விலையாகக் கொடுக்கப்பட்டது. நம் சமுதாயத்தில் ஒரு தலைமுறைப் பெண்கள் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாமல் போனதற்கு வறுமையும் பழைய எண்ணங்களும் மட்டுமல்ல, இதுவும் ஒரு காரணம்.

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்தில் இந்தியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் கூலி உயர்வோடு, பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, முறையான மருத்துவ வசதி, பெண்களுக்கு இழைக்கப்படும் மானக்கேட்டுக்கு முடிவு ஆகியவையும் இடம்பெற்றிருந்தன. தொழிலாளி தன் உரிமை என்று எதை நினைக்கத் தொடங்கினான் என்பதற்கு இது சான்று. குடும்பத்தின் நலமும் கூலியின் ஒரு பகுதியே என்பதை அவன் உணர்ந்துவிட்டான்.

அடுத்த ஆண்டே போர் இந்த மண்ணுக்கு வந்தது. 1942 சனவரியில் கெமாஸ் பக்கத்தில் நடந்த சண்டைக்குப் பிறகு ஜப்பானியப் படைகள் சிகாமட் வழியாகத் தெற்கே இறங்கின. சயாம்-பர்மா இரயில் பாதை அமைப்பதற்காகத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களில் மிகப் பலர் திரும்பவே இல்லை. ரப்பர் வாங்குவாரின்றித் தோட்டங்கள் முடங்கின. ஆண் துணையின்றி நின்ற பெண்கள் மரவள்ளிக் கிழங்கு நட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். தோட்ட நிர்வாகத்தை நம்பியிருந்த எந்த வசதியும், நிர்வாகம் போனவுடன் காற்றில் பறந்துவிடும் என்பதை அந்த மூன்றரை ஆண்டுகள் காட்டின. இந்தப் பாடம் பின்னாளில் மீண்டும் ஒருமுறை நமக்குக் கிடைத்தது.

போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் வளர்ந்தன. 1954-இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், பெண் தொழிலாளருக்கு 60 நாள் பேறுகால விடுப்பும் உதவித்தொகையும் வழங்கியது. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் பெண்களை இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்றும் அச்சட்டம் விதித்தது. அறுபது நாள் முடிந்தவுடன் தாய் திரும்பவும் ஐந்து மணிப் பிரட்டுக்கு வந்தாக வேண்டும். இரண்டு மாதக் குழந்தை கொட்டகைக்குப் போயாக வேண்டும். ஆகவே கொட்டகையின் தரம் ஒரு குழந்தையின் உயிரோடு தொடர்புடைய காரியம் ஆயிற்று. 1957-இல், நாடு விடுதலை பெற்ற ஆண்டில், மலாயாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ எழுபத்தைந்து குழந்தைகள் முதல் ஆண்டுக்குள் இறந்தன. இன்று அந்த எண் பத்துக்கும் கீழே வந்துவிட்டது. தாய் சேய் நல விடுதிகளும், தடுப்பு மருந்துகளும், தூய குடிநீரும் இதற்குப் பெருங்காரணங்கள். சீர்திருத்தம் பெற்ற ஆயாக் கொட்டகைகளுக்கும் இதில் ஒரு சிறு பங்கு இருந்திருக்க வேண்டும்.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பெரிய நிறுவனங்களின் தோட்டங்களில் சிமெண்டுத் தரையும் குழாய்த் தண்ணீரும் கொண்ட கட்டடங்கள் எழுந்தன. அந்நாட்களில் தோட்டத் தொழிலாளரில் ஏறக்குறையச் சரிபாதிப் பேர் பெண்கள். இத்தனை தாய்மார்கள் கூலி வேலையில் நிலைத்திருந்த துறை வேறு அதிகமில்லை. அதற்கு வறுமை ஒரு காரணம் என்பது உண்மை. ஆனால் ஏழ்மை எல்லா இடத்திலும்தான் இருந்தது. வேலையிடத்துக்குப் பக்கத்திலேயே, வேலை நேரத்துக்கு ஏற்பவே, தனிச் செலவின்றிக் குழந்தையை விட ஓர் இடம் இருந்தது தோட்டத்தில்தான்.

இதே காலத்தில்தான் சரிவும் தொடங்கியது. ஐம்பதுகளில் வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுகளாகப் பிரித்து விற்றனர். இந்தத் தோட்டத் துண்டாடலைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையில் விரிவான ஆய்வு நடந்தது. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும் இந்த ஆபத்தைத் தடுப்பதற்கே. ஆயிரம் ஏக்கர்த் தோட்டம் இருபது பேர் கைக்குப் போனால், பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் ஆயாக் கொட்டகைக்கும் யார் பொறுப்பு? எவரும் பொறுப்பல்லர். குத்தகை வேலைமுறை வந்தபோதும் இதே கதைதான். குத்தகைக்காரரிடம் வேலை செய்பவளுக்கு நிர்வாகம் கடமைப்பட்டதாக நினைக்கவில்லை.

பின்னர் செம்பனை வந்தது. 1990 வாக்கில் மலேசியாவில் செம்பனையின் பரப்பு ரப்பரின் பரப்பை விஞ்சிவிட்டது. சிகாமட் வட்டாரத்திலும் பால்மரங்கள் நின்ற மேடுகளில் பெரும்பகுதி செம்பனைக் காடாகிவிட்டது. செம்பனைக்கு ஆள் குறைவு. குலை வெட்டும் வேலை ஆண்களுக்குப் போயிற்று. பெண்களுக்கு உதிரிப் பழம் பொறுக்குவதும், உரம் போடுவதும், களைக்கொல்லி தெளிப்பதும் மிஞ்சின. வெளிநாட்டுத் தொழிலாளர் வரத்து பெருகியது. 1990-இல் நிறைவேறிய தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம் தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் பற்றியும் விதிகளைச் சொல்லியது. ஆனால் அந்த விதிகள் வந்தபோது, யாருக்காக அவை எழுதப்பட்டனவோ அந்தக் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு நகரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

தோட்டத்தை விட்டு வந்த தாய் எதை இழந்தாள் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். வேலை போயிற்று, வேலையோடு வீடு போயிற்று, வீட்டோடு ஆயாக் கொட்டகையும் போயிற்று. எல்லாம் முதலாளி என்ற ஒரே ஆணியில் மாட்டப்பட்டிருந்தன. ஆணியைப் பிடுங்கியவுடன் எல்லாம் ஒன்றாக விழுந்தன. நகரத்தில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. சம்பளமும் சற்றுக் கூடுதல். ஆனால் குழந்தையை எங்கே விடுவது? தோட்டத்தில் அடுத்த வீட்டிலிருந்த மாமியாரும் அத்தையும் இப்போது வேறு ஊரில். இதனால் பல பெண்கள் முதல் குழந்தையோடு வேலையை விட்டுவிட்டார்கள். படிப்பில் தாயைவிட உயர்ந்த மகள், வேலையில் தாயைவிட விரைவாக விலகினாள் என்ற வியப்பான நிலை உண்டாயிற்று.

இது தோட்டத்திலிருந்து வந்தவர்களின் கதை மட்டுமல்ல, நாட்டின் கதையுமாகும். மலேசியாவில் உழைக்கும் வயதுப் பெண்களில் வேலைச் சந்தையில் இருந்தோர் 1957-இல் சுமார் 31 விழுக்காடு. 1980-இல் சுமார் 39 விழுக்காடு. தொழிற்சாலைகள் பெருகிய எண்பதுகளில் அது 47 விழுக்காட்டை நெருங்கியது. அதன் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கேயே நின்றுவிட்டது. இந்த இருபது ஆண்டுகளில் பல்கலைக்கழகங்களில் பெண்களே பெரும்பான்மையினர் ஆகிவிட்டார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. படிப்பு ஏறியது, வேலையில் பங்கு ஏறவில்லை. 2010-க்குப் பின்னரே மீண்டும் ஏறத் தொடங்கி, 2022-இல் சுமார் 55 விழுக்காட்டை அடைந்தது. ஆண்களிடையே இது 80 விழுக்காட்டுக்கு மேல். மலேசியப் பெண்கள் இருபத்தைந்து வயதையொட்டி மிக அதிகமாக வேலையில் இருக்கிறார்கள். பிள்ளைப்பேற்றுக் காலத்தில் விலகுகிறார்கள். விலகியவர்களில் பெரும்பாலோர் திரும்பி வருவதில்லை. வேலைக்குப் போகாததற்கு அவர்கள் முதன்மையாகக் கூறும் காரணம் வீட்டுப் பொறுப்பும் குடும்பப் பராமரிப்புந்தான்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று கூற முடியாது. 1984-ஆம் ஆண்டில் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டம் வந்தது. நான்கு வயதுக்குட்பட்ட நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளை, பல வீடுகளிலிருந்து பெற்றுப் பார்த்துக்கொள்ளும் இடம் 'தாஸ்கா' எனப் பதிவு பெற வேண்டும் என்றது அச்சட்டம். ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், ஒன்று முதல் மூன்று வயது வரை ஐந்து பேருக்கு ஒருவர், மூன்று முதல் நான்கு வயது வரை பத்துப் பேருக்கு ஒருவர் என்று அளவு வகுக்கப்பட்டது. இருபது குழந்தைகளோடு ஒரே கிழவி திண்டாடிய காலத்தை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்பது விளங்கும். 2023 சனவரி முதல் நாள் தொடங்கிப் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்ததும் வரவேற்கத் தக்கது.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பழைய தொழிலாளர் சட்டம், காப்பகம் அமைப்பது முதலாளியின் கடமை என்றது. 1984-ஆம் ஆண்டுச் சட்டம், காப்பகம் நடத்துவோர் எப்படி நடத்த வேண்டும் என்றது. தரத்தை வரையறுத்தது, இடத்தை உறுதி செய்யவில்லை. மூன்று குழந்தைக்கு ஒரு பணியாளர் என்றால் அந்தப் பணியாளரின் சம்பளத்தை மூன்று குடும்பங்கள் தாங்க வேண்டும். தொழிற்சாலையில் குறைந்த சம்பளம் வாங்கும் தாய்க்கு அது கட்டுப்படியாகாது. அவள் ஒன்று பதிவில்லாத அண்டை வீட்டில் விடுவாள். அல்லது வேலையை விடுவாள். வருமான வரியில் தரப்படும் சலுகை அவளுக்கு உதவாது. வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இருந்தால்தானே சலுகை!

மற்ற நாடுகளின் அனுபவம் என்ன சொல்கிறது? இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் நம் ஆயாக் கொட்டகையின் உடன்பிறப்பு ஒன்று உண்டு. அதைப் 'பிள்ளைக் காம்பரா' என்பார்கள். கொழுந்து பறிப்பது பெண்களின் வேலையாக இருப்பதால் அது இன்றும் மறையவில்லை. பிற்காலத்தில் அதைக் குழந்தை அபிவிருத்தி நிலையமாக மாற்றிப் பயிற்சி பெற்ற பணியாளர்களை அமர்த்தினார்கள். இந்தியாவில் 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் காப்பகம் வேண்டும் என்றது. 1975-இல் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம், பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. குழந்தையின் பசியைத் தீர்ப்பதில் இவை பெருந்தொண்டு ஆற்றின. ஆனால் அங்கன்வாடி நேரம் குறுகியது. தாயின் வேலை நேரம் நீண்டது. குழந்தையை நினைத்து அமைத்த ஏற்பாடு எல்லாம் தாயின் வேலைக்கும் உதவிவிடும் என்று சொல்ல முடியாது.

கனடாவின் கியூபெக் மாநிலம் 1997-இல் நாளொன்றுக்கு ஐந்து டாலர் கட்டணத்தில் காப்பகங்களைத் திறந்தது. தாய்மார்கள் வேலையில் சேர்வது கணிசமாக உயர்ந்தது. ஆனால் வேகமாகப் பெருக்கியபோது தரம் சில இடங்களில் பின்தங்கியது. பிள்ளைகளின் நடத்தையில் குறைகள் காணப்பட்டதாகவும் ஆய்வாளர் கூறினர். நார்வேயில் எழுபதுகளில் அரசுக் காப்பகங்கள் விரிந்தபோது தாய்மார்களின் வேலைப் பங்கு பெரிதாக மாறவில்லை. ஏனெனில், அதுவரை பாட்டியிடமும் அண்டை வீட்டிலும் இருந்த பிள்ளைகளே பெரும்பாலும் அரசுக் காப்பகத்துக்கு வந்தார்கள். ஆகவே காப்பகம் திறந்தால் போதும், பெண்கள் எல்லாரும் வேலைக்கு வந்துவிடுவார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிட முடியாது. எங்கே வேறு துணையே இல்லையோ, எங்கே கட்டணமே தடையாக நிற்கிறதோ, அங்கே அதன் பயன் மிகுதி. தோட்டத்திலிருந்து பெயர்ந்து உறவினரைப் பிரிந்து வந்த குடும்பம் அப்படிப்பட்ட இடத்தில்தான் நிற்கிறது.

அப்படியானால் ஆயாக் கொட்டகையிலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது? அது தாயின் நேரத்தை ஏற்றுக்கொண்டது. ஐந்து மணிக்கு வேலை என்றால் ஐந்து மணிக்கு முன்பே திறந்திருந்தது. இன்று தொழிற்சாலையில் ஏழு மணிக்கு முறை தொடங்க, ஏழரை மணிக்குத் திறக்கும் காப்பகத்தால் அவளுக்கு என்ன பயன்? அது நடந்து போகும் தூரத்தில் இருந்தது. அது கட்டணம் கேட்கவில்லை. இந்த மூன்றும் எடுத்துக்கொள்ள வேண்டியவை. பயிற்சியற்ற, சம்பளம் குறைந்த ஒரு மூதாட்டியின் தலையில் எல்லாச் சுமையையும் ஏற்றியது விட்டுவிட வேண்டியது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த உரிமை முதலாளியின் விருப்பத்தோடு கட்டுண்டிருந்தது. வேலையோடு வந்து வேலையோடு போகும் வசதியை உரிமை என்று சொல்ல முடியாது. தோட்டத்துப் பெண் தொழிலாளி என்பதற்காகக் கிடைத்தது, இந்நாட்டுத் தாய் என்பதற்காகக் கிடைக்க வேண்டும்.

சிகாமட் வட்டாரத்தில் பல தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் 'லாடாங்' என்ற சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோட்டம் போனாலும் பள்ளி நின்றது. காரணம், பள்ளியை அரசாங்கம் தன் கல்வி முறையில் சேர்த்துக்கொண்டது. மக்களும் அதற்காகப் போராடினார்கள். ஆயாக் கொட்டகையை அப்படி யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்காகப் போராடுவதற்கு நமக்கும் தோன்றவில்லை. அது பெண்களின் காரியம், வீட்டுக் காரியம் என்று விட்டுவிட்டோம். ஒரு தலைமுறைக்கு முன் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளி வாசலை வேடிக்கை பார்த்து நின்ற சிறுமி, இன்று பேத்தியைப் பார்த்துக்கொள்கிறாள், தன் மகள் வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காக. வாழ்நாள் முழுவதும் கூலியின்றி ஆயாவாக இருந்த அந்தப் பெண்மணிக்கு நாம் பட்ட கடன் பெரிது. அவளுடைய பேத்தி காலத்திலாவது இந்தச் சுமையைச் சமுதாயம் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதற்கான வழிகளை நாம் எல்லோரும் சேர்ந்து சிந்திப்போமாக.